தலையில் தடவிய ஜப்பான் விஸ்கி

பிள்ளைகளே, திருவாரூரிலிருந்து தஞ்சாவூர் வரும் பேருந்தில் என் முன்சீட்டில் ஒரு விவசாயியும் அவருடைய மச்சானும் பேசிக்கொண்டு வந்தார்கள். விவசாயியின் மகளைப் பெண் கேட்கும் பையனுக்கு ஜப்பானில் விஸ்கி கம்பெனியில் வேலையாம். அதனாலேயே அவர் சம்மதம் சொல்லாமல் இருந்தாராம்.

"லீவுல ஊருக்கு வந்த அந்தப் பையன் குடுத்த பாட்டிலை நேத்து ருசி பார்த்தேன் மச்சான். அரிசியில செஞ்சதாம்."

"அத்தான், நீங்களா!"

"தீர்த்தம் மாதிரி உள்ளங்கையில கொஞ்சூண்டு. குடிச்சிட்டு, பழக்கதோஷத்துல தலையில வேற தடவிட்டேன்."

"அதான் அக்கா காலையில உங்க தலையை மோந்து மோந்து பார்த்துச்சா!"

பேருந்தே சிரித்தது.

"சரி, எப்படி இருந்துச்சு?"

"வறுத்த அரிசி வாசம், பின்னாடியே உலர்ந்த திராட்சை இனிப்பு. ஷெர்ரின்னு ஒரு திராட்சை ஒயின் இருந்த மரப்பீப்பாயில வருஷக்கணக்கா வச்சிருந்து எடுப்பாங்களாம். நமக்குப் புது நெல்லைப் பழசாக்கி விக்கவே பொறுமையில்ல."

"அவ்வளவு பொறுமைக்காரன் உங்களை மாமனாராத் தாங்கிக்குவான் அத்தான்."

விவசாயி சிரித்துக்கொண்டே கைபேசியை எடுத்தார்.

"தம்பி, வெள்ளிக்கிழமை அப்பா அம்மாவோட பொண்ணு பார்க்க வாங்க. பயப்படாதீங்க, நாங்க காபிதான் குடுப்போம்."