சயாம் பயணத்துக்கு ஐந்து குறிப்புகள்

— வெறும் பேர்ப்பட்டியல் அனுப்பினாப் போதாதா, கிராணி ஐயா? நாலு மணிக்கு லாரி போயிடும் லா.

— முறைன்னு ஒண்ணு இருக்கு, மண்டோர். கேளுங்க: ‘2603-ஆம் ஆண்டு, டிசம்பர் மாதம், மலாயா ரப்பர்த் தோட்ட ஆபீசு. கூடியிருந்தோர் மூவர். மேசைக்குப் பின் நாற்காலியில் கணக்கெழுதும் கிராணி ஸ்டானிஸ்லாஸ். தராசுப் பெட்டியின் மேல் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் வேலு. வாசற்படியில் ஏழாம் கூலி லயத்துப் பேச்சியம்மாள்.’

— நான் உக்காரலீங்களே ஐயா. நின்னுக்கிட்டுல்ல இருக்கேன்.

— எழுத்துல எல்லாரும் உக்காரணும், பேச்சி. அதுதான் மரியாதை.

— வருசம் என்ன ஐயா, ரெண்டாயிரத்து அறுநூறைத் தாண்டிருச்சு?

— அது ஜப்பான்காரன் கணக்கு லா, பேச்சி. நமக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்தி மூணுதான்.

— கிராணி ஐயா, பட்டியல்ல இருபதாவது பேரு எங்க வீட்டுக்காரரு. அய்யாவுவ எடுத்துடுங்கன்னு கேக்கத்தான் வந்தேன்.

— இருபது பேருன்னு ஜப்பான் துரை உத்தரவு. பத்தொன்பது பேர அனுப்பினா என் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? எதுக்கு அழுவுற? நோட்டீசப் படிச்சேன். சயாம்ல மூணு மாசம் ரயில் பாதை வேலை, முடிஞ்சதும் பாங்காக் பட்டணம் சுத்திக் காட்டுறாங்க. சிகாமட் வரைக்கும் லாரி. கிம்மாஸ்ல ரயில் மாறணும். குளிர்காலம் வேற, ஊர் பாக்க வர்ற கூட்டம் இருக்காது. விடுதியில இடம் தாராளமாக் கிடைக்கும்.

— மூணு மாசம்னுதான் எங்கண்ணனும் சித்திரையில போனாரு. மார்கழி பொறக்கப் போவுது.

— ஊரு நல்லா இருந்தா ஆளுங்க தங்கத்தான் செய்வாங்க.

— ஒரு கடுதாசி கூட இல்லியே ஐயா.

— அந்தக் கும்பல்ல எழுதத் தெரிஞ்சவன் ஒருத்தன் உண்டா? பின்ன எப்படி வரும்?

— அதுவும் சரிதான்.

— நான் தங்காக் டவுன் பள்ளிக்கூடத்துல படிச்சவன். முன்யோசனை இல்லாம யாரையும் அனுப்ப மாட்டேன். துரைக்கு நாலு குறிப்பு எழுதியிருக்கேன். ‘ஒன்று: விடுதியில் ஆளுக்கொரு கட்டிலா, இருவருக்கு ஒன்றா என்பதைத் தெரிவிக்க வேண்டியது. இரண்டு: கம்பளி அவரவர் கொண்டு வருவர்.’ லயத்துல சொல்லிடு, பேச்சி. கம்பளிய ரெண்டு நாள் வெயில்ல போட்டுட்டுத்தான் கட்டணும்.

— அலமாக், கம்பளியா? லயத்துல சாக்கைக் கட்டிக்கிட்டுத் திரியிறாங்க லா. ஆளுங்கள மாட்டுப் பெட்டியில அடைச்சு ஏத்துறாங்கன்னு சிகாமட்ல பேசிக்கிறாங்க.

— அதையும் எழுதியாச்சு. ‘மூன்று: ரயில் பெட்டி குறித்து மண்டோர் வேலு ஐயம் தெரிவித்தார். அது வதந்தி எனக் கிராணி விளக்கினார். மண்டோர் ஒப்புக்கொண்டார்.’

— நான் எப்ப ஒப்புக்கிட்டேன்?

— இப்ப ஒப்புக்கப் போறீங்க. ‘நான்கு: விடுதியிலிருந்து பட்டணத்துக்குள் போக டிராம் எத்தனை மணிக்கு ஒருமுறை வரும்?’

— எனக்கென்ன ஐயா தெரியும், சும்மா கேக்குறேன். கிம்மாஸ்ல பலகையப் படிச்சு எங்காளுங்கள யாரு இறக்குவா?

— பலகையப் படிக்கணும்தான்.

— விடுதியில பேரெழுதச் சொன்னா? டிராம் வேற பக்கம் கொண்டு போயிட்டா? இருபது பேருமே கைநாட்டு. எங்கண்ணன் கும்பல் மாதிரியே ஆயிடுமே. நீங்கதான சொன்னீங்க?

— நான்தான் சொன்னேன். சரியாத்தான் சொல்லியிருக்கேன். இரு, எழுதுறேன். ‘ஐந்து: இருபதின்மரில் ஒருவராவது எழுதப் படிக்கத் தெரிந்தவராயிருப்பது இன்றியமையாதது.’

— இருபத்தொண்ணா அனுப்பினா வாங்கிக்குவாங்களா லா?

— உத்தரவு இருபதுதான். கடைசிப் பேர அடிச்சுட்டு அந்த இடத்துல ‘எழுத்தறிந்தவர் ஒருவர்’னு போட்டுட்டேன். உன் அதிர்ஷ்டம், பேச்சி. டவுன்ல யாரையாவது துரை பாத்துக்குவாரு.

— நல்லா இருப்பீங்க ஐயா. ஆனா டவுன்காரன் சொன்னா நம்ம ஆளுங்க கேப்பாங்களா? இந்தத் தோட்டத்து ஆளுங்கள அறிஞ்சவரா இருந்தாத் தேவலை.

— கிராணி ஐயா, அது வந்து...

— குறுக்க பேசாதீங்க, மண்டோர். படிக்காதவளுக்கு என்ன யோசனை பாருங்க. ‘அவர் இத்தோட்டத்தாரை நன்கு அறிந்தவராகவும் இருத்தல் நலம்.’ முடிஞ்சுது. உறைய ஒட்டுறதுக்குத்தான் கோந்து இல்ல.

— மத்தியானத்து மரவள்ளிக் கஞ்சி மிச்சம் இருக்கு. குடுங்க, நானே ஒட்டுறேன்.

— அழுத்தி ஒட்டு. ஒட்டின கடிதத்தத் திரும்பப் பிரிக்கிற வழக்கம் இந்த ஆபீசுல கிடையாது.

— ஒட்டிட்டேன். மண்டோரே, லாரி சத்தம் கேக்குது, ஓடுங்க.

— குடுத்துட்டு வந்துட்டேன் லா. லாரியும் போயிடுச்சு.

— நல்லது. ஏன் ரெண்டு பேரும் என்னையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?

— வீட்டுல உங்க சம்சாரம் டொரத்தி அம்மாகிட்டச் சொல்லி உங்க கம்பளிய வெயில்ல போடச் சொல்லுங்க ஐயா. இந்தத் தோட்டத்துல எழுதத் தெரிஞ்ச கை ஒண்ணுதான் இருக்கு.