நாலும் ரெண்டும் நாலு

ஏழாயிரம்பண்ணை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில், பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள்.

"நாலும் ரெண்டும் நாலுதான்னு எம் மக டீச்சர்கிட்டயே சாதிக்கிறாக்கா."

"ரெண்டாங் கிளாஸுலயா? எவ சொல்லிக் குடுத்தது?"

"நாந்தான். வீட்ல தெரிஞ்சத வச்சுக் கணக்குச் சொல்லிக் குடுங்கன்னு டீச்சர் சொன்னாக. கம்பெனி ரூம்ல நாலு பேரு வெடிமருந்து அடைக்கோம், இன்னும் ரெண்டு பேரு வந்தா எம்புட்டுன்னு கேட்டேன்."

"ஆறு."

"அவ என்னடான்னா, ரூமுக்கு நாலு பேருதாம்மா இருக்கணும், கூடுனா ஆபத்து, அந்த ரெண்டு பேர வெளிய போகச் சொல்லுன்னு சொல்லுதா."

மூத்தவள் சிரித்தாள். "நம்ம போர்மேனுக்கு உம் மக தேவல. இட்லிய வச்சுக் கேட்டுப் பாரு."

"கேட்டேன். இட்லின்னா ஆறுன்னு டக்குனு சொல்லுதா. ரூம்னா மட்டும் நாலுதான்."

"அது என்ன அப்படி?"

"அந்த ரூம்ல நான்ல இருக்கேன்."