இடப்பக்கச் சீற்

கோயில் வாசல் தூணை இடிச்சது என்ரை கார்தான். தூணிலை மூலை உடைஞ்சுது, காரிலை இடப்பக்க லைற் உடைஞ்சுது. ஆஸ்பத்திரிக்கு ஒருத்தரும் போகேல்லை. இதைக் கேக்கத்தான் பரிபாலன சபை உம்மை அனுப்பினது எண்டால், சொல்லியாச்சு. எழும்பும்.

என்ன, இன்னும் இருக்கிறீர்?

ஓ, நான் இனி ஓடாமல் இருக்கக் கார்த் திறப்பு வேணுமோ. நீர் ஆர் தம்பி அதைக் கேக்க? துஷாந்தோ. நான் பேர் கேக்கேல்லை.

கண் தெரியுதோ எண்டு என்னட்டைக் கேக்கிறீர். தவளை எந்தக் கண்ணாலை எங்கை பாக்குது எண்டு, அதின்ரை மூளைக்குள்ளை பாத்துப் பாத்தே இந்த மெல்பேணிலை பென்சன் எடுத்தவன் நான். சிரியாதையும். கேளும்.

தவளையின்ரை வலக்கண் கண்டது மூளையின்ரை இடப்பக்கம் போகும். இடக்கண் கண்டது வலப்பக்கம். அப்ப முன்னுக்குப் பறக்கிற இலையானை ரெண்டு கண்ணும் கண்டால், அது ரெண்டு இலையான் எண்டு நினைக்காதோ? நினைக்காது. பக்கத்துக்கு ஒரு சின்ன நரம்பு முடிச்சு இருக்கு. இந்தப் பக்கம் வந்ததை மற்றப் பக்கத்துக்குச் சொல்லுறது அதின்ரை வேலை. இடம் பிசகாமல் பொருத்திச் சொல்லும். வாற்பேத்தை, தவளைக் குஞ்சு, அதுக்குக் கண் பக்கவாட்டிலை. வளர வளர மேலை ஏறும். முடிச்சும் அதுக்கேத்த மாதிரி மாத்திக்கொண்டே போகும். இருட்டிலை வளத்துப் பாரும், பொருந்தாது. பாத்துத்தான் பழகவேணும்.

தூணுக்கும் தவளைக்கும் என்னவோ? நீர் என்ன வேலை? ஐ.ரி. அதுதானே பாத்தன்.

என்ரை இடக்கண் எப்பவோ போட்டுது. கண்ணிலை பிறஷர். மற்றதும் ஓரமெல்லாம் தேயுது. ஆருக்கும் சொல்லேல்லை. ஏன் வாயைப் பிளக்கிறீர்? இந்த நாட்டிலை கார் ஓடுறவன் வலப்பக்கம், மனுசி இடப்பக்கம். தன்ரை பக்கத்தாலை வாறதை அவ சொல்லுவா. சைக்கிள். நாய். குப்பை வாளி. முதலிலை பிந்திச் சொல்லுவா, நான் ஏசுவன். பிறகு நான் எவ்வளவு தலை திருப்புவன், எப்ப மிதிப்பன் எண்டு பாத்துப் பழகீட்டா. விளங்குதோ இப்ப?

பிழைதான். கிளென் வேவர்லியோடை ரயில் முடியுது, கோயில் அதுக்கும் அங்காலை. வெள்ளிக்கு வெள்ளி அவவைக் கோயிலுக்கு நீர் ஏத்திக்கொண்டு போவீரோ? பேசாமல் இரும்.

இல்லை, தூண் இடிபட்ட அண்டைக்கு அவ நித்திரை இல்லை. நல்லாய் முழிச்சுக்கொண்டுதான் இருந்தவ. நல்ல வெளிச்சமும்.

அதுக்கு முதல் வெள்ளி, அதே வாசலிலை, இடப்பக்கத்தாலை ஒரு சின்னப் பெட்டை குறுக்கை ஓடினது. இவ கத்தினவ. நான் மிதிச்சனான். சட்டை பம்பரிலை உரஞ்சினது, அவ்வளவுதான். நான் உள்ளுக்குப் போய் வடை சாப்பிட்டனான். இவ சாப்பிடேல்லை.

என்ன?

உம்மடை மகளோ.

அதை முதலே சொல்லியிருக்கலாம். சபை சபையெண்டு கொண்டு.

சரி. திறப்பு என்னட்டை இல்லை. தூண் இடிபட்ட அண்டைக்கே பறிச்சுப்போட்டா. டொக்டருக்கு ரெலிபோன் அடிச்சு என்ரை கண்ணைப் பற்றிச் சொன்னதும் அவதான். லைசென்ஸ் போச்சு. நீர் வந்தது வீண்.

ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை எண்டு நானும் கேட்டனான். தூரத்திலையே கண்டவவாம். ஆள் ஒருத்தரும் இல்லை, தூண்தானே எண்டு வாயை மூடிக்கொண்டு இருந்தவவாம். இடிபடப்போறது தன்ரை பக்கம் எண்டும் தெரியுமாம். தோள் இன்னும் நீலம்.

எனக்கு ஏன் நன்றி சொல்லுறீர்? குசினிக்குள்ளை அடுப்படியிலை நிக்கிறா, அவவுக்குச் சொல்லும். பேர் சிவனேஸ்வரி.