இடது பித்தான்

மவுஸ் வாங்கப் போகிறவர்கள் பெட்டியின் மேல் இருக்கும் படத்தைத்தான் பார்க்கிறார்கள். கையை யாரும் பார்ப்பதில்லை. அளவெடுக்காமல் சட்டைத் துணியை வெட்டினால் சும்மா விடுவீர்களா? நாள் முழுக்க உள்ளங்கைக்குள் கிடக்கப்போகிற பொருளுக்கு மட்டும் அளவு வேண்டாமா? நான் தையற்காரி. பள்ளிச் சீருடைகளும் சன்னல் திரைகளும் தைக்கிறவள். என் மகனுக்கு மவுஸ் வாங்கப் போனபோது அவன் கையின் அளவைக் காகிதத்தில் வெட்டி எடுத்துக்கொண்டு போனேன்.

கடைக்காரர் அதைப் பார்த்துச் சிரித்தார். "கைக்குச் சட்டை தைக்கப் போறீங்களாம்மா?" என்றார். நானும் சிரித்தேன். மேசையில் இருந்த மவுஸ்களை வரிசையாக வைக்கச் சொல்லி, ஒவ்வொன்றின் இடது பித்தான் நுனியிலும் என் பையிலிருந்த நூல்கண்டை நிறுத்தினேன். ஒன்று மட்டும் அந்தக் கனத்துக்கே 'டிக்' என்றது. அதைத்தான் வாங்கினேன். அவன் விரலுக்கு அவ்வளவுதான் பலம்.

அவனை வீட்டில் வாலு என்று கூப்பிடுவேன். சிறு வயதில் ஓர் இடத்தில் நிற்கமாட்டான். கல்லூரிக்குப் போகிற வயதில் கால் தடுமாற ஆரம்பித்தது. பிறகு இடுப்பு, தோள் என்று ஒவ்வொன்றாகத் தளர்ந்தது. தசையை அரிக்கும் வியாதி என்றார்கள். அவன் அப்பா அந்த வருடமே வேறு குடித்தனம் தேடிப் போய்விட்டார். அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வலது கை விரல்களில் மட்டும் கொஞ்சம் பலத்தை விட்டுவைத்து வியாதி நின்றது. "இப்படியே பல வருஷம் நல்லா இருக்கலாம்" என்றார் டாக்டர். "விரல் தளர ஆரம்பிச்சா மட்டும் உடனே சொல்லுங்க. அதுக்கு அடுத்தது மூச்சுதான்." நாங்கள் இருவரும்தான் அதைக் கேட்டுக்கொண்டோம்.

அந்த மவுஸ் வந்த பிறகு அவனுக்கு வேலை கிடைத்தது. புத்தகங்களைக் குரலில் பதிவு செய்யும் நிறுவனம் ஒன்று. வாசிப்பவர்கள் எச்சில் விழுங்குவது, நாற்காலி கிறீச்சிடுவது, மூச்சு வாங்குவது எல்லாவற்றையும் திரையில் பார்த்து வெட்டி எடுக்க வேண்டும். ஒரு விரல் போதும். ஒரே அறையில் நான் இயந்திரத்தை மிதிப்பேன், அவன் 'டிக் டிக்' என்று வெட்டுவான். "நீ தைக்கறே, நான் வெட்டறேன். ரெண்டு பேரும் ஒரே தொழில்தாம்மா" என்பான். சொல்லிவிட்டுச் சிரிப்பான். அவன் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது.

நீங்கள் என் முன்னால் வைத்திருக்கும் இந்த மவுஸை உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுவந்து கொடுத்தாளே, அந்தப் பெண், அவள் அந்த நிறுவனத்தில் வாசிக்கிறவள். நல்ல குரல். முதலில் வேலை விஷயமாக வந்தாள், பிறகு வேலை இல்லாமலும் வந்தாள். ஒருநாள் அவள் கேட்டது என் காதில் விழுந்தது. "எல்லாருடைய மூச்சையும் வெட்டறீங்க, என்னோடதை மட்டும் ஏன் அங்கங்க விட்டு வைக்கறீங்க?" 'டிக் டிக்' சத்தம் நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் தையல் கோணிப் போயிற்று.

அதற்குப் பிறகு ஒருநாள், நான் அவனைக் குளிப்பாட்டித் துவட்டிக்கொண்டிருக்கும்போது, "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியேம்மா?" என்றான்.

"சொல்லு."

"ஸ்டுடியோ பக்கத்துல அவ ஒரு வீடு பார்த்திருக்கா. படியே கிடையாது. பார்த்துக்க ஆள் வச்சுக்கலாம்னு சொல்றா. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கலாம்னு..."

நான் அவன் காதுக்குப் பின்னால் துடைத்தேன். அங்கேதான் ஈரம் தங்கும்.

"நீயும் எத்தனை நாள்தான் என்னைத் தூக்கித் தூக்கி இடுப்பை ஒடிச்சுக்குவே? இனிமேலாவது உனக்குன்னு கொஞ்சம் இரும்மா."

"அதுக்கென்னடா, சரி" என்றேன். அவன் நல்ல மனசோடுதான் சொன்னான். எனக்கென்று இருப்பது எப்படி என்று அவன் சொல்லிக்கொடுக்கவில்லை. அவ்வளவுதான்.

மறுநாள் மதியம் அவன் தூங்கும்போது மவுஸைத் துடைக்க எடுத்தேன். அடியில் வழுக்குவதற்காக ஒட்டியிருக்கும் பட்டைக்குக் கீழே ஒரு திருகாணி இருக்கிறது. தையல் இயந்திரத்தின் சின்னத் திருப்புளி அதற்குச் சரியாகப் பொருந்தியது. இடது பித்தானுக்கு அடியில், கோட்டுத் தோளுக்கு வைக்கும் ஸ்பாஞ்சில் நகத்தளவு வெட்டி வைத்து மூடினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அன்று எனக்குப் பெரிய திட்டம் எதுவும் இல்லை. வீடு மாறுவது கொஞ்சம் தள்ளிப் போகட்டும் என்றுதான் நினைத்தேன்.

"மவுஸ் ஏதோ கெட்டியா இருக்கும்மா" என்றான்.

நான் அழுத்திப் பார்த்தேன். "எனக்கு லேசாத்தானேடா இருக்கு."

அந்தப் பெண்ணும் அழுத்திப் பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. உங்கள் கை, என் கை, அவள் கை எதற்கும் அந்த வித்தியாசம் தெரியாது. ஒரு நூல்கண்டின் பலம் மட்டும் இருக்கிற விரலுக்குத்தான் தெரியும்.

ஸ்பாஞ்ச் மேல் ஸ்பாஞ்சாகக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தேன். அவன் வேலை மெதுவாயிற்று. ஒரு வெட்டுக்கு இரண்டு மூன்று தடவை அழுத்தினான். கடைசியில், "வேற புது மவுஸ் ஒண்ணு வாங்கிப் பார்க்கலாம்மா, இதைவிட லேசா" என்று கேட்டான். அவன் கண்ணில் அப்போது கொஞ்சம் நம்பிக்கை மிச்சம் இருந்தது.

அதே கடைக்குப் போனேன். இந்த முறையும் நூல்கண்டை வைத்துத்தான் தேர்ந்தெடுத்தேன். முதல் மவுஸைவிட இது நல்லது. கட்டைவிரல் சாய ஒரு பள்ளம், மணிக்கட்டு நோகாத சரிவு. விலையில் நான் குறை வைக்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து, பெட்டி கிழியாமல் பிரித்து, அதற்குள்ளும் ஸ்பாஞ்சை வைத்துவிட்டுக் கொண்டுபோனேன்.

அவன் கையை நானே அதன் மேல் எடுத்து வைத்தேன். அழுத்தினான். மறுபடி அழுத்தினான். பிறகு கையை அப்படியே விட்டுவிட்டு, "மவுஸ் மேல தப்பில்லம்மா" என்றான். புது மவுஸ்தான் அவனை நம்ப வைத்தது.

டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனேன். போகாமல் இருக்கவில்லை. அவர் விரல்களைப் பிடித்துப் பார்த்தார், கருவியில் அழுத்தச் சொன்னார். "பழைய அளவுக்கும் இதுக்கும் பெரிசா வித்தியாசம் தெரியலையே தம்பி" என்றார்.

"இல்ல டாக்டர். க்ளிக் பண்ண முடியல. ரெண்டு மவுஸ்ல பார்த்துட்டேன்."

டாக்டர் கருவியைக் கீழே வைத்தார். "உங்க உடம்பு, உங்களுக்குத்தான் முதல்ல தெரியும். நான் நம்பறேன்" என்றார். நல்ல மனிதர். நோயாளி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறவர். நான் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்று மாலை அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டுக் காதில் வைக்கச் சொன்னான். "நீ இனிமே வர வேண்டாம். விரல் போகுது. அடுத்தது என்னன்னு உனக்கும் தெரியும். அதைப் பார்க்க உன்னை உட்கார வைக்க மாட்டேன்" என்றான். அவள் அழுதது எனக்கும் கேட்டது. போனைப் பிடித்திருந்தவள் நான்தானே. அதற்குப் பிறகும் வந்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவது போல் கிடந்தான். அவன் கேட்டுக்கொண்டபடி நான்தான் வாசலில் நின்று திருப்பி அனுப்பினேன். அப்புறம் அவளும் ஓய்ந்துவிட்டாள்.

அந்த மாதங்களில் வீடு அமைதியாக இருந்தது. அவன் கம்ப்யூட்டரைப் போடச் சொல்லவில்லை. நான் தைப்பதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான். என்ன துணி, யாருக்கு என்று கேட்பான். பழைய கதைகளைப் பேசுவோம். நாங்கள் சந்தோஷமாக இருந்தோம் என்றுதான் சொல்வேன். நுரையீரலுக்காக டாக்டர் கொடுத்த ஊதும் குழாயை மட்டும் அவன் தொடவில்லை. "எதுக்கும்மா அது இனிமே" என்பான். நானும் வற்புறுத்தவில்லை.

ஸ்பாஞ்சை எடுத்துவிடலாம் என்று நினைத்ததுண்டு. ஒரே நாளில் விரல் திரும்பினால் சந்தேகப்படுவானே என்று பயந்தேன். வைத்த மாதிரியே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எடுத்திருக்கலாம்.

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அதே டாக்டர் கட்டிலருகே குனிந்து, "கொஞ்ச நாளைக்கு மூச்சு மெஷின் வைக்கலாம் தம்பி. இதைத் தாண்டிட்டா பழையபடி ஆயிடலாம்" என்றார்.

"எந்தப் பழையபடி டாக்டர்?" மூச்சு விட்டு விட்டுத்தான் பேசினான். "விரல் போயாச்சு. மெஷினைப் போட்டா அப்புறம் கழட்டவே மாட்டீங்க. வேண்டாம்."

டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீங்க எடுத்துச் சொல்லுங்கம்மா."

சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம்தான். உன் விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை, மவுஸில் ஸ்பாஞ்ச் வைத்தது நான்தான். மனசுக்குள் அதைச் சொல்லிக்கூடப் பார்த்தேன். சொன்னால் அவன் என்னை எப்படிப் பார்ப்பான் என்பதும் கண்முன் வந்தது. "அவன் இஷ்டம் டாக்டர்" என்றேன். நர்ஸ் என் தோளைத் தொட்டாள். மனசைக் கல்லாக்கிக்கொண்டு பிள்ளை சொன்னதை மதிக்கிறேன் என்று நினைத்தாள்.

அவன் போன பிறகு அந்தப் பெண் வந்து, ஞாபகத்துக்கு மவுஸைக் கேட்டாள். கொடுத்தேன். உள்ளே ஸ்பாஞ்ச் இருந்ததை மறந்து கொடுத்தேனா என்று கேட்கிறீர்கள். இருக்கலாம். அவள் அதைத் தன் மேசையில் வைத்து, அவனைப் போலவே விரல் நுனியை மட்டும் வைத்துப் பார்த்திருக்கிறாள். பிறகு திருகாணியைக் கழற்றியிருக்கிறாள். அவள் கெட்டிக்காரி.

இன்னும் ஒன்று இருக்கிறது. அது அவளுக்குத் தெரியாது. மெஷின் வேண்டாம் என்று சொன்ன பிறகு அவன் என்னிடம் கேட்டான், "அவளை ஒரே ஒரு தடவை வரச் சொல்லும்மா" என்று. நான் வராந்தாவுக்குப் போய்ச் சன்னலோரம் நின்றேன். கீழே வண்டிகள் வருவதும் போவதுமாக இருந்தன. போனைப் பையிலிருந்து எடுக்கவில்லை. திரும்பி வந்து, "எடுக்க மாட்டேங்கறாடா" என்றேன். "ரெக்கார்டிங்ல இருப்பா" என்றான். அப்போதும் அவளுக்குப் பரிந்துதான் பேசினான்.

அவள் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மெஷினுக்குச் சம்மதித்திருப்பான். எனக்கு அது நன்றாகத் தெரியும். பெற்றவள் பக்கத்தில் நிற்கும்போதே வேண்டாமென்று சொன்ன உயிரை, அவளுக்காக வேண்டுமென்று சொல்லியிருப்பான். அப்படி ஒரு நன்றிகெட்ட காரியத்தை என் பிள்ளை செய்ய நான் விடவில்லை.