தெக்லா மலர்

காய்ந்த பூவைப் பிரித்துப் பார்க்க வெந்நீர்தான் நல்லது. கிண்ணத்தில் சற்று நேரம் போட்டுவைத்தால் இதழ்கள் தானாக விரிந்து கொடுக்கும். பேராசிரியர் டீட்யென் மட்டும் பூவை வாயில் போட்டு எச்சிலில் ஊறவைப்பார். எங்கள் தாவரவியல் துறையில் பழைய ஆட்கள் சிலருக்கு இந்தப் பழக்கம் உண்டு. அதற்கு நான் என்ன செய்ய முடியும், இன்ஸ்பெக்டர்?

ஆல்ப்ஸ் மலையில் நான் கண்டெடுத்த செடிக்கு என் மனைவி தெக்லாவின் பெயரை வைத்தேன். அடுத்த குளிர்காலத்தில் அவள் இறந்துபோனாள். அவள் பெயர் மிச்சமிருப்பது அந்தச் செடியை உலர்த்தி ஒட்டிய தாளில் மட்டும்தான். டீட்யென் அதில் கை வைத்தார். மதியச் சாப்பாட்டில், எல்லார் முன்னாலும், ஊறுகாய் மீனை மென்றுகொண்டே கேட்டார்.

"ரெய்மர்ஸ், உம்ம செடியில இலை ஒரு வீடு, பூ வேற வீடு மாதிரி தெரியுதே. கல்யாணம் பண்ணி வச்ச பாதிரியார் யாருய்யா, பசையா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"வந்து பாருங்களேன் பேராசிரியரே. திங்கட்கிழமை தாளை எடுத்து வைக்கிறேன்."

உலர்ந்த செடியை வண்டு அரிக்காமலிருக்க, பாதரச நஞ்சைச் சாராயத்தில் கரைத்துப் பூசுவது எங்கள் வழக்கம். பூசிய தாளில் 'நஞ்சு' என்று சிவப்பு முத்திரை குத்துவோம். தெக்லாவின் பூக்களுக்குத் தாராளமாகவே பூசினேன். காய்ந்ததும் மறுபடி பூசினேன். முத்திரை குத்தினால் தாளின் அழகு கெடும் என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை மேசையில் வெந்நீர்க் கிண்ணமும் வைத்தேன். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

"இது எதுக்குய்யா, நாக்கு இருக்கும்போது?" என்று கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, பூக்களை ஒவ்வொன்றாக வாயில் போட்டார். "என்ன ரெய்மர்ஸ், இரும்பை நக்கின மாதிரி இருக்கு."

"மலைப்பூ இல்லையா," என்றேன். "இன்னும் கொஞ்சம் ஊறட்டும்."

வாரக் கடைசியில் இறந்துபோனார். கெட்டுப்போன மீன் என்றார் மருத்துவர். முத்திரை இல்லாத தாள் உங்கள் கையில் சிக்கியிருக்காவிட்டால் மீனோடு போயிருக்கும்.

பூ வேறு செடியுடையதா என்கிறீர்கள். ஆமாம், ஒட்டியது நான்தான். அந்தச் செடி பூக்கும்வரை தெக்லாவின் நோய் காத்திருக்காது. தன் பெயரை அச்சில் பார்த்துவிட்டு அவள் போக வேண்டும் என்று நினைத்தேன். அவரைக் கொன்றதும் நான்தான்.

ஆனால் பகை ஒன்றுமில்லை. அடுத்து நான் கண்டெடுக்கும் செடிக்கு டீட்யென் பெயரைத்தான் வைக்கப்போகிறேன். எங்கள் துறையில் ஒருவருக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. அவர் நிச்சயம் சந்தோஷப்படுவார்.