வெள்ளைத் தலைக்குள் சிவப்பு மண்

எனக்கு ஆப்பிள் வரைய வராது, டீச்சர். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஓவிய வகுப்பில் நான் எதை வரைந்தாலும் தக்காளியாகவே முடிந்ததால், கல்லூரி முழுக்க என்னைத் 'தக்காளி அங்கிள்' ஆக்கிவிட்டார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். இந்த வயதில் கோபப்பட்டால் எடுபடாது.

படிக்க ஆசைப்பட்டது என் மனைவிதான். பிள்ளைகள் அவரவர் வழியில் போனபிறகு, வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை என்றாள். தனியாக அனுப்ப மனசு கேட்காமல் உங்கள் கல்லூரியின் சான்றிதழ் வகுப்பில் நானும் சேர்ந்தேன். அவள் சிற்பம், நான் ஓவியம். கொஞ்ச நாளிலேயே நீங்கள் அவள் கையைப் புகழத் தொடங்கிவிட்டீர்கள். அந்தக் கை எனக்கும் தெரிந்த கைதான். இருந்தாலும் கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

பட்டப்படிப்பில் இடம் கிடைக்க அவள் ஒரு தலைச்சிலை செய்து அனுப்பவேண்டும் என்றீர்கள். செலவில்லாத மாடல் நான். முக்காலியில் உட்கார்ந்தேன்.

"மூஞ்சியைச் சாதாரணமா வச்சுக்கோங்க."

"இதுதான்டி சாதாரணம்."

"அது தெரியாமலா இத்தனை வருஷம் குடும்பம் நடத்துறேன்?"

முடிந்ததும் எல்லாரும் கூடிவிட்டார்கள். "அப்படியே அங்கிள்தான்" என்றார்கள். களிமண்ணில் ஒருவன் வாயின் ஒரு ஓரத்தை மட்டும் மேலே இழுத்துச் சிரித்துக்கொண்டிருந்தான். வயிற்றெரிச்சலை மறைக்கிற சிரிப்பு. நான் எப்போது இப்படிச் சிரித்தேன் என்று கேட்டேன். "டீச்சர் என்னைப் பாராட்டுறப்ப எல்லாம்," என்றாள், கையைக் கழுவிக்கொண்டே. விளையாட்டாகத்தான் சொன்னாள்.

எனக்குக் கோபமே இல்லை. அந்த முகம் நாலு பேர் முன்னால் போய் உட்கார்வது அவளுக்குத்தான் நல்லதில்லை என்று பட்டது. கட்டின புருஷனையே இப்படிச் செய்தவள் என்று அவளைத்தானே பேசுவார்கள்.

அவளுக்கு இடுப்புவலி. அதனால் நன்றாகக் காய்ந்த சிலையைச் சூளை அறைக்குத் தூக்கிப் போனது நான். உள்ளே ஈரம் தங்கினால் சூளையில் வெடிக்கும், அதனால்தான் தலையைக் குடைந்து வாரக்கணக்கில் காயவைக்கிறோம் என்று நீங்கள் ஒருமுறை சொன்னீர்கள். நான் கவனித்துக் கேட்ட பாடம் அது ஒன்றுதான். வழியில் இருந்த தொட்டியில் ஈரமண் அள்ளி, கழுத்துத் துளை வழியாக உள்ளே அப்பினேன். பிறகு மற்ற மாணவர்களின் சிலைகளுக்கு நடுவே வைத்தேன். அங்கேதான் இடம் இருந்தது.

சூளையில் அது வெடித்ததில் முழுதாக ஒன்றும் மிஞ்சவில்லை. எல்லாருடைய உழைப்பும் போயிற்று. அவள் சரியாகக் காயவைக்கவில்லை என்றார்கள், அவளும் நம்பிவிட்டாள். ஒவ்வொருவரிடமும் போய் மன்னிப்புக் கேட்டாள். அவளுடைய பையைப் பிடித்துக்கொண்டு நானும் கூடவே போனேன். ஒரு பெண் இவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் நகர்ந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து, "நான் இதுக்கு லாயக்கில்லங்க, இனி போகல," என்று அழுதாள். உன் இஷ்டம், நான் வற்புறுத்தமாட்டேன் என்றேன். அன்றைக்கு நானே டீ போட்டுக் கொடுத்தேன்.

இப்போது நீங்கள் மேசையில் பரப்பியிருக்கும் சில்லுகளைப் பார்க்கிறேன். வெளிப்பக்கம் அவள் மண், வெள்ளை; உட்பக்கம் ஒட்டியிருப்பது நான் அப்பிய தொட்டி மண், சிவப்பு. ஈரத்தில் இரண்டு மண்ணும் ஒரே சாம்பல் நிறம், சுட்டபிறகுதான் பிரியும் என்பது சிற்ப வகுப்பில் எல்லாருக்கும் தெரியுமாம். நிறத்தைப் படிக்க வந்தவன் நிறத்திலேயே மாட்டிக்கொண்டேன். நீங்கள் சிரிக்கலாம், நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். உங்களிடமும் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று அவள் வெளியே உட்கார்ந்திருக்கிறாள். கூப்பிடுங்கள், நானே சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால், உடையாமல் தப்பிய அந்த வாய்த் துண்டை மட்டும் டிராயருக்குள் போட்டுவிடுங்கள். அந்தச் சிரிப்பு என்னுடையதே இல்லை, டீச்சர். அதையும் என்னையும் ஏன் மாறி மாறிப் பார்க்கிறீர்கள்?