குளியலறைப் பரணில் இரட்டைத் தும்மல்

வீட்டுக்குள் புதுச் சுவர் எழுப்புகிறவர் முனிசிபாலிட்டிக்கு மனுக் கொடுத்து, பதில் வந்த பிறகே கொத்தனாரைக் கூப்பிட வேண்டும் என்பது விதி. அம்பாசமுத்திரம் ரயிலில் எனக்கு எதிரே இருந்த தச்சநல்லூர்க்காரர் காத்திருக்கவில்லை என்பது, அவர் நண்பரிடம் சொன்னதிலேயே தெரிந்தது.

“மனுவுக்குப் பதில் வர்றதுக்கு முந்தியே பழைய பரண் வாசலுக்குக் கீழ சுவர் வச்சு, குளிக்கிற அறையாக்கிட்டேன்வே.”

“அதுல என்ன அண்ணாச்சி?”

“பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளையோட அத்தை, வண்டித் தூசி போகக் குளிக்கணும்னு உள்ள போயிட்டா. நான் அண்டா எடுக்க மேல ஏறியிருக்கேன். சத்தம் கேட்டதும் பரண் பலகையை மூடி, மிளகாய் வத்தல் மூட்டைக்குப் பின்னால உக்காந்துட்டேன்.”

“தும்மிட்டீராக்கும்?”

“ஒரே தும்மல். ‘ஐயோ, ஒத்தத் தும்மல்! இந்தச் சம்பந்தம் ஆகாது’ன்னுட்டா. எம் மக வாழ்க்கைல்லாவே! ஒரு வத்தலைக் கிள்ளி மூக்குல வச்சு, இன்னொண்ணும் தும்மிட்டேன். ரெட்டைன்னா நல்ல சகுனம்லா?”

நண்பர் சிரித்த சிரிப்பில் குடுமி அவிழ்ந்தது.

“அந்தம்மா?”

“முடிவு சொல்லாம ஊருக்குப் போயிட்டா. ஆடி முழுக்க ஒரு காயிதம் இல்ல. எம் பொண்டாட்டி சோறு போட்டா, பேசல.”

“பொறவு?”

“காயிதம் வந்துது. சம்மதமாம். தும்மினது யாருன்னு கேக்க மாட்டாளாம். பரண் வாசலை மட்டும் முகூர்த்தத்துக்கு முந்தி அடுக்களைக்கு மாத்தணுமாம்.”

“காயிதம் என்னைக்கு வந்துது?”

“ஆவணி ஒண்ணாந்தேதி.”